தோட்டத்து வீடும் கோடைத் தீயும்: வாசகர் கேள்வி – பதில்

பனி விலகி மாசி பிறந்துவிட்டால் அடிவாரத் தோட்டங்களில் குடியிருப்பவர்களுக்குப் புகை வாசம் பட்டாலே மனம் பதறும். 2023 ஏப்ரலில் கோவை ஆலாந்துறைப் பக்கத்து மலையில் பிடித்த தீயை அணைக்க, சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்து வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டியிருந்தது. வீட்டைச் சுற்றி எதை வெட்டலாம், எதை விடலாம் என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. அடிக்கடி கேட்கப்பட்டவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்க தோட்டத்து வீட்டுக்கும் காட்டு எல்லைக்கும் நடுவால முந்நூறு அடிதானுங்க. வீட்டோரம் ஒரு புளி, ரெண்டு வேம்பு, ஒரு இலவம், மேற்கே ஒரு வரிசை தைல மரம் இருக்குது. பையன் அமெரிக்காவுல இருக்கறான். அங்கெல்லாம் வீட்டைச் சுத்தி நூறடிக்கு மரத்தை எடுத்துப்போடறாங்க, நீங்களும் வெட்டிப்போடுங்கன்னு சொல்றானுங்க. வெட்டிப்போடலாமுங்களா?
— வாசகர், ஆலாந்துறை

எல்லாவற்றையும் வெட்ட வேண்டாம். கலிபோர்னியாவில் வீட்டைச் சுற்றி 100 அடிக்குப் பராமரிக்க வேண்டும் என்று சட்டம் இருப்பது உண்மை. ஆனால் அந்தச் சட்டமும் மொட்டையடிக்கச் சொல்லவில்லை. நெருக்கத்தைக் குறைத்து, காய்ந்ததை அப்புறப்படுத்தத்தான் சொல்கிறது. அங்கே பைன் போன்ற பிசின் மரங்களில் தீ உச்சிக்கு ஏறி மரம் விட்டு மரம் தாவும். நம் அடிவாரக் காடு இலையுதிர் காடு. இங்கே தீ பெரும்பாலும் தரையில்தான் நகரும்; சருகும் காய்ந்த புல்லும்தான் அதற்குத் தீனி. தரையில் தீனி இல்லையென்றால் உங்கள் புளிய மரத்தடியோடு அது நின்றுவிடும்.

வீட்டைப் பொசுக்குவது பெரும்பாலும் நேரே வரும் தீ அல்ல, காற்றில் பறந்து வரும் கங்கு. ஒரு கங்கு ஓட்டு இடுக்கில் கிடக்கும் வேப்பஞ்சருகில் விழுந்தால் போதும். அதனால் வேலையைச் சுவரிலிருந்து தொடங்கிக் காட்டை நோக்கிப் போங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். வேலியோரம் ஜேசிபி விட்டு ஒரு ஏக்கரைச் சுத்தம் செய்துவிட்டு, சாய்ப்புக்குள் விறகும் உரச்சாக்கும் அப்படியே கிடக்க விடுகிறார்கள்.

சுவரை ஒட்டிய முதல் 5 அடியில் பற்றக்கூடிய பொருள் ஒன்றுமே இருக்கக்கூடாது. மண், ஜல்லி, சிமெண்டுத் தளம் எதுவானாலும் சரி. விறகு, தேங்காய்த் தொட்டி, சீமாறு, சாக்கு, பிளாஸ்டிக் டிரம், மடித்து வைத்த சொட்டுநீர்க் குழாய், ஜன்னலுக்கு நேரே வளர்ந்த செடி எல்லாம் நகர வேண்டும். ஓட்டு வீடானால் ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். இரண்டு சரிவு சேரும் பள்ளத்தில் ஒரு சாண் உயரத்துக்குச் சருகு மண்டியிருக்கும். ஓட்டுக்கும் ரீப்பருக்கும் நடுவே அணிலும் குருவியும் பஞ்சும் நாருமாகக் கூடு கட்டியிருக்கும். மாசியிலிருந்து மழை வரும்வரை 15 நாளுக்கு ஒருமுறை கூரையைக் கூட்டுங்கள். சுவரின் காற்றுத் துவாரங்களுக்கு 3 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பி வலை அடியுங்கள். கொசுவலை நைலானில் இருந்தால் உருகிவிடும்.

5 அடியிலிருந்து 30 அடி வரை மரம் நிற்கலாம், சருகு நிற்கக்கூடாது. புல் 4 அங்குலத்துக்கு மேல் வளர வேண்டாம். மரத்தின் கீழ்க் கிளைகளைத் தரையிலிருந்து 6, 7 அடி உயரத்துக்குக் கழியுங்கள். சிறிய மரமானால் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழித்தால் மரம் தேறாது. மரத்தடியில் புதர் வைக்காதீர்கள். 3 அடிப் புதர் எரிந்தால் சுடர் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு உயரும், கிளையை எட்டிப் பிடிக்கும். கூரைக்கு மேலே கவிந்த கிளைகளைக் கூரையிலிருந்து 10 அடி தள்ளி நிறுத்துங்கள்.

30 அடிக்கு அப்பால் 100 அடி வரை அவ்வளவு கறார் வேண்டாம். காய்ந்த மரம், சாய்ந்த மரம், புதர்க்கூட்டம் ஆகியவற்றை எடுத்து, கிளைக்கும் கிளைக்கும் 10 அடி இடைவெளி விட்டால் போதும். காட்டு எல்லையோரம் டிராக்டரில் ஒன்பது கொழுக் கலப்பையை அடுத்தடுத்து இரண்டு ஓட்டு ஓட்டினால் 10, 12 அடி அகலத்துக்கு வெறும் மண் கிடைக்கும். தரைத்தீ அதைத் தாண்டுவது கடினம். ஒருமுறை ஓட்டியது பங்குனி வரை தாங்கும் என்று நினைக்காதீர்கள். இடையில் ஒரு மழை பெய்து புல் முளைத்துக் காய்ந்தால் மறுபடியும் ஓட்ட வேண்டும்.

இனி உங்கள் மரங்கள். புளி நிற்கட்டும். ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும். அடர்ந்த நிழலில் புல்லும் அதிகம் வளராது. பறந்து வரும் கங்குகளையும் தடுத்துக்கொடுக்கும். வேம்பும் நிற்கலாம், ஆனால் அது இலை உதிர்ப்பதே மாசி பங்குனியில்தான், சரியாகத் தீக்காலத்தில். தினமும் கூட்ட ஆள் வேண்டும். இலவம் வீட்டோரம் ஆகாது. கோடையில் காய் வெடித்துப் பஞ்சு ஜன்னல் கம்பியிலும் ஓட்டு இடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பஞ்சு ஒரு பொறிக்குக் குப்பென்று பற்றும். மரத்தை விட மனமில்லையென்றால் காயை வெடிப்பதற்கு முன்பே பறித்துவிடுங்கள். தைல மர வரிசையைத்தான் முதலில் எடுக்க வேண்டும். இலையில் எண்ணெய், பட்டை நாடா நாடாவாக உரிந்து தொங்கும், எரியும் பட்டை காற்றில் வெகுதூரம் போகும். அதுவும் மேற்கே, காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கிறது.

பெரிய கிளையை ஒரே வெட்டில் மேலிருந்து வெட்டினால் பாதியில் முறிந்து, தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். முதலில் தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழ்ப்புறம் கால்வாசி அறுங்கள். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்குங்கள். கடைசியில் மீதிக் கட்டையை, தண்டோடு சேரும் இடத்துப் புடைப்பைத் தொடாமல் எடுங்கள். இந்த வேலைக்குக் கார்த்திகை, மார்கழிதான் பருவம். வெட்டிய மிளாறைத் தை முடிவதற்குள் தோட்டத்தைவிட்டு வெளியேற்றிவிடுங்கள். மரத்திலிருக்கும் பச்சைக் கிளையைவிடத் தரையில் கிடக்கும் காய்ந்த கிளை பல மடங்கு ஆபத்து.

வாழை ஈரமான பயிர்தானே, தடுப்பாக வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். காய்ந்த சருகை அறுத்துக்கொண்டே இருந்தால் தீக்கு அது நல்ல தடுப்புதான். ஆனால் உங்கள் பக்கம் யானை வரும். தீயைத் தடுக்கப்போய் யானையை வாசலுக்கு அழைக்க வேண்டாம்.

வீட்டைச் சுத்தியும் சீமைக்கருவேல முள்ளுங்க. வருசா வருசம் வெட்டறோம், மறு வருசம் ரெண்டு மடங்கா வருது. நடுவால நாலு பனையும் நிக்குது. பனையையும் சேர்த்து எடுத்துரலாமுங்களா?
— வாசகி, மூலனூர்

தரை மட்டத்தில் வெட்டுவதால்தான் இரண்டு மடங்காக வருகிறது. சீமைக்கருவேலத்தின் தூர், தரைக்குக் கீழே ஓரடி வரை துளிர்க்கும் மொட்டுகளோடு உட்கார்ந்திருக்கும். மேலே வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் எட்டுத் தண்டு கிளம்பும். மெல்லிய தண்டுகளாக நெருங்கி, தரையோடு படர்ந்து நிற்பதால் பழைய மரத்தைவிட இது தீக்கு இன்னும் தோதானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் இளகியிருக்கும்போது தூரைச் சுற்றிப் பறித்து, ஓரடிக்குக் கீழே வேரை அறுத்து, தூரோடு எடுங்கள். பெரிய மரங்களுக்கு ஜேசிபிதான் வழி. குழியை அன்றே மூடி, அடுத்த மழைக்கு முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்குங்கள். ஆடு தின்னும் காயிலிருந்து புழுக்கை வழியாக விதை திரும்ப வரும் என்பதால், பட்டியைச் சுற்றி மூன்று நான்கு வருடத்துக்குக் கண் வைத்திருக்க வேண்டும். தூரில் டீசலோ பழைய என்ஜின் ஆயிலோ ஊற்றாதீர்கள்; மண்ணும் கிணறும் கெடும். வீட்டோரம் ஊற்றினால் நீங்களே தீக்கு எண்ணெய் வைத்த மாதிரி.

வேலிக்குக் கிளுவை நடுங்கள். கோடையில் இலை இல்லாமல் நின்றாலும் தண்டில் ஈரம் இருக்கும். வேலியடியில் காய்ந்து நிற்கும் கொழுக்கட்டைப் புல்தான் தீயைக் கடத்தும். அங்கே செம்மறியை ஓட்டி மேய்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உங்கள் பக்கம் இரண்டு தீக்காலம் என்பதை மறக்க வேண்டாம். கோவைக்கு மேற்கே ஆனி ஆடியில் சாரல் பிடிக்கும். மூலனூர், வெள்ளகோவில் பக்கம் அதே மாதங்களில் மழை சொற்பம், காற்று மட்டும் மரத்தையே சாய்க்கிற மாதிரி அடிக்கும். சித்திரையோடு சுத்தம் செய்வதை நிறுத்தாமல் ஆவணி வரை தொடருங்கள்.

பனையை வெட்டாதீர்கள். மாவட்ட ஆட்சியர் அனுமதியில்லாமல் பனை வெட்டக்கூடாது என்று 2021-இல் தமிழக அரசு தன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தது. ஆபத்து மரத்தில் இல்லை, காவோலையில் இருக்கிறது. ஏறி எடுக்க ஆளில்லாமல் ஐந்தாறு வருடக் காவோலை பாவாடை மாதிரி தரை வரை தொங்கும் பனை, தீக்கு வைத்த ஏணி. ஏறுபவரைக் கூப்பிட்டுக் காவோலையை முழுக்க இறக்கிவிட்டால் அந்தப் பனை நிம்மதியாக நிற்கும்.

வீட்டைச் சுத்திப் பத்துத் தென்னை. போன வருசம் பக்கத்துத் தோட்டத்துல குப்பைக்கு வெச்ச தீ பரவி ரெண்டு மரம் அடியில கருகிப்போச்சுங்க. பொழைக்குமுங்களா? மட்டையை என்ன பண்றது?
— வாசகர், ஆனைமலை

தண்டு மட்டும் கருகியிருந்தால் பிழைக்கும். வேம்புக்கும் புளிக்கும் பட்டைக்கு உடனடிக் கீழேதான் உயிர். சுற்றிலும் வெந்தால் மரம் போய்விடும். தென்னைக்கு நீர்க்குழாய்கள் தண்டு முழுக்கச் சிதறியிருப்பதால் வெளிப்புறம் கருகினாலும் உள்ளே ஓட்டம் நிற்காது. ஆனால் தென்னைக்கு உயிர்முனை ஒன்றே ஒன்று, உச்சிக் குருத்து. அது வெந்தால் மரம் முடிந்தது. நடுக்குருத்து பச்சையாக மேலே வருகிறதா என்று இரண்டு மூன்று மாதம் பாருங்கள். பழுத்து, இழுத்தால் கையோடு வந்தால் மரத்தை எடுத்துவிடலாம். விட்டுவைத்தால் காண்டாமிருக வண்டுக்கு வீடாகும்.

கொண்டையில் முதலில் பற்றுவது பன்னாடை. சல்லடைத் துணி மாதிரி காய்ந்து கிடக்கும் அதில் கங்கு சிக்கினால் தொங்கும் மட்டை, காய்ந்த பாளை என்று வரிசையாகப் பிடிக்கும். 45 நாளுக்கு ஒருமுறை காய் போடும்போதே பன்னாடையையும் காய்ந்த பாளையையும் வழித்துவிடச் சொல்லுங்கள். தனிக் கூலி கேட்டாலும் கொடுங்கள். ஒரு தென்னை வருடத்துக்கு ஏறக்குறைய 12 மட்டை கழிக்கும். பத்து மரத்துக்கு 120 மட்டை. அவற்றை வீட்டுச் சுவரில் சாய்த்து அடுக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். தூளாக்கும் இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் தூளாக்கி, 30 அடிக்கு அப்பால் இருக்கும் மரங்களின் பாத்தியில் போட்டுத் தண்ணீர் விடுங்கள்.

மஞ்சிக் (தேங்காய் நார்) கழிவை வீட்டோரம் மூடாக்குப் போடாதீர்கள். சுடரே இல்லாமல் உள்ளுக்குள் கனிந்து, அணைந்துவிட்டது என்று நினைத்த மூன்றாம் நாள் காற்றுக்குத் திரும்பப் பிடிக்கும். அப்படிப் பிடித்த குவியலில் மேலே தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. மம்பட்டியால் கிளறிக் கிளறி நனைத்து, அடிமண்ணில் புறங்கையை வைத்துச் சூடு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் நகர வேண்டும்.

சோளத்தட்டுப் போரைத் தொண்டுப்பட்டிக்குப் பக்கத்துலயே வெச்சாத்தானுங்க மாட்டுக்குப் போடத் தோது. எவ்வளவு தள்ளி வெக்கோணும்? பேலர்ல கட்டின கட்டு தானாவே தீப்பிடிக்கும்ங்கறாங்களே, நெசமுங்களா?
— வாசகர், காங்கேயம்

வீட்டுக்கும் பட்டிக்கும் 100 அடி தள்ளி வைத்தால் நல்லது. இடமில்லையென்றால் 50 அடிக்குக் குறைய வேண்டாம். ஒரே பெரிய போராக வைக்காமல் இரண்டாகப் பிரித்து, நடுவே வண்டி போகிற இடம் விடுங்கள். ஒன்று போனாலும் மாட்டுக்கு மற்றொன்று மிஞ்சும். போரைச் சுற்றி 10 அடிக்கு மண்ணைச் செதுக்கிவிடுங்கள். மின்கம்பிக்குக் கீழே போர் போடவே கூடாது. அன்றன்றைக்கு வேண்டிய இரண்டு கட்டை மட்டும் பட்டிக்கு எடுத்து வாருங்கள்.

தானாகப் பிடிப்பது உண்மைதான். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது இறுக்கிக் கட்டினால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்து சூடேறும். கட்டுக்குள் இருக்கும் சூடு வெளியேற வழியிருக்காது. ஆபத்து முதல் ஆறு வாரத்தில்தான். புகையிலை மாதிரியோ வெல்லப்பாகு கருகிய மாதிரியோ வாசம் வந்தால் கடப்பாரையைப் போரின் நடுவுக்குச் செருகி 20 நிமிடம் கழித்து உருவுங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் உள்ளே 65 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள், உள்ளே காற்று போனதும் குபீரென்று எழும். தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டு, தண்ணீரோடு ஆள் நின்ற பிறகே பிரிக்க வேண்டும். போர்மேல் ஏறி நிற்பதும் கூடாது; உள்ளே வெந்து குழியாகியிருந்தால் ஆள் உள்ளே போய்விடுவார்.

எங்க வீடு சரிவுல இருக்குதுங்க. கீழ்ப்பக்கம் பூராவும் உண்ணிச்செடி. நூறடி போதுமுங்களா? மரம் வெட்ட யாரைக் கேட்கோணும்?
— வாசகி, தாளவாடி

கீழ்ச்சரிவில் 100 அடி போதாது, 200 அடி எடுங்கள். மேல்ச்சரிவில் 100 அடியே போதும். தீ மேல்நோக்கி ஏறும்போது சுடர் முன்னாலிருக்கும் புதரை நக்கிக் காயவைத்துக்கொண்டே வரும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் சிக்கிக்கொண்டதும் செங்குத்தான புல்சரிவில்தான்.

உண்ணிச்செடியை வெட்டினால் துளிர்க்கும். தலையை வெட்டி, தூருக்குக் கீழே 2, 3 அங்குலம் வேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். வேர் மண்ணைத் தொடாமல் காய்ந்துவிடும். சரிவில் ஒரே சமயத்தில் முழுதும் பறித்தால் மழைக்கு மண் ஓடிவிடும். 30 அடிப் பட்டையாக எடுத்து, மூங்கில், சில்வர் ஓக் போன்ற எதையும் யோசிப்பதற்கு முன் அங்கே உள்ளூர்ப் புல்லைப் பிடிக்க விட்டு, கோடைக்கு முன் அறுத்துக்கொள்ளுங்கள்.

செடி கொடியை எடுக்கத் தடையில்லை. அறிவிக்கப்பட்ட மலைப் பகுதியில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டா நிலமானாலும், முன் அனுமதி வாங்க வேண்டும். உங்கள் சர்வே எண் அதில் வருகிறதா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தனம் தானாக முளைத்து நின்றாலும் வனத்துறைக்குத் தெரியாமல் கை வைக்க வேண்டாம்.

பங்குனிக்கு முன்னால நாங்களே வேலியோரம் தீ வெச்சு எரிச்சுட்டா என்னங்க?
— வாசகர், பெரியநாயக்கன்பாளையம்

வேண்டவே வேண்டாம். பல தீ இப்படித்தான் பிறக்கிறது. காப்புக்காட்டுக்குள் போனால் வனச் சட்டப்படி குற்றமும் ஆகும். அறுத்து, பொறுக்கி, மட்கவிடுங்கள். புல் அறுக்கும் இயந்திரத்தில் இரும்பு பிளேடு போட்டால் கல்லில் பட்டுப் பொறி பறக்கும். காய்ந்த புல்லுக்கு நைலான் நரம்பு போட்டு, காலை 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். சூடான இயந்திரத்தைப் புல்மேல் வைத்துப் பெட்ரோல் ஊற்ற வேண்டாம்.

கம்பியில தென்னை மட்டை உரசுது. நானே தொரட்டியில இழுத்துப்போடலாமுங்களா?
— வாசகர், கோபி

கூடாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குச் சொல்லி, இணைப்பைத் துண்டித்த பிறகு அவர்களே வெட்டட்டும். தொய்ந்த கம்பிகள் காற்றில் ஒன்றோடொன்று மோதினாலும் பொறி விழும். அதையும் புகாரில் சேர்த்துச் சொல்லுங்கள்.

தீயணைப்பு வண்டி எங்க இட்டேரிக்குள்ள வர முடியாதுங்க. அது வரைக்கும் நாங்க என்ன பண்றது?
— வாசகி, தாராபுரம்

முதலில் இட்டேரியை, அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடத்தை, சரிசெய்யப் பாருங்கள். வண்டிக்கு 12 அடி அகலமும் 15 அடி உயரமும் வேண்டும். இருபுறக் கிளுவையையும் மேலே கவிந்த வேலாமரக் கிளையையும் கழித்தால் பெரும்பாலான இட்டேரிகளில் அந்த அகலம் கிடைத்துவிடும். பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு பேசிச் சேர்ந்து செய்யுங்கள். திரும்ப இடமில்லையென்றால் வண்டி உள்ளே வரத் தயங்கும். களத்து மேட்டைக் காலியாக வையுங்கள்.

தீ என்றால் கரண்டும் போகும், கிணற்று மோட்டார் ஓடாது என்றே திட்டமிடுங்கள். மேல்நிலைத் தொட்டியில் 1,000 லிட்டர் எப்போதும் நிற்கட்டும். தொட்டியிலிருந்து முதல் வால்வு வரை ஜிஐ குழாய் போடுங்கள். பிவிசி என்றால் வேண்டிய நேரத்தில் உருகி, தண்ணீர் எல்லாம் தரையில் போகும். கூரையின் நான்கு மூலைக்கும் எட்டுகிற நீளத்துக்கு ஓஸ், 16 லிட்டர் கைத்தெளிப்பான், இரண்டு மம்பட்டி, நனைத்த கோணிச்சாக்கு ஆகியவை ஒரே இடத்தில் இருக்கட்டும். மருந்தடித்த தெளிப்பானை நன்றாகக் கழுவி வையுங்கள்.

புகை தெரிந்ததும் முதல் வேலை 101 அல்லது 112-க்குப் போன். ஊர்ப்பெயரோடு, எந்த மெயின் ரோட்டில், எந்தக் கோயில் அல்லது பஸ் நிறுத்தத்தில் திரும்ப வேண்டும் என்று சொல்லி, அங்கே ஓர் ஆளை நிறுத்துங்கள். மாடுகளின் கயிற்றை அவிழ்த்து, உழுத வெற்று நிலத்துக்கு ஓட்டுங்கள். கேஸ் சிலிண்டரை மூடி வெளியே கொண்டுபோங்கள். நைலான் சேலை, பாலியெஸ்டர் சட்டை வேண்டாம். பருத்தி உடுத்தி, செருப்புக்குப் பதில் ஷூ போடுங்கள். சுடர் இடுப்புயரத்துக்குள் இருந்தால் இருபுறமும் பக்கவாட்டிலிருந்து நனைத்த சாக்கால் அமுக்கி அணைக்கலாம்; ஓங்கி அடித்தால் கங்கு சிதறும். 4 அடிக்கு மேல் சுடர் எழுந்தால் அருகில் நிற்க வேண்டாம். பெரியவர்களையும் குழந்தைகளையும் முன்பே தீயும் புகையும் வராத பக்கத்துக்கு அப்புறப்படுத்தியிருக்க வேண்டும். மாட்டுக் கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் போட்டிருந்தால் சூட்டில் வெடித்துச் சில்லு தெறிக்கும். அதன் கீழே நின்று தண்ணீர் ஊற்றாதீர்கள்.